இருபத்தெட்டு

பால்மானி இருபத்தெட்டில் நின்றால் நல்ல பால்.
இருபத்தாறு என்றால் ஒரு முறைப்பு.
இருபத்து மூன்று என்றால்
நாரின் ஆறு கேனுக்குள் இறங்கிவிட்டது.

நான் ஜிப்பார். படித்தது கணக்கு,
பார்த்த வேலை பிஷ்கெக் சந்தையில் காலுறை விற்றது.
இப்போது விடிய நாலரைக்கு
பத்தொன்பது வீட்டுப் பாலில்
கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுக் குனிந்து பார்க்கிறேன்.
மாதம் ஆறாயிரம் சோம்.
பள்ளிக்கூடத்தைக் கழித்துவிட்டால்
அக்-தெரெக்கில் ஒரு பெண் கையெழுத்திட்டு வாங்கும்
முதல் சம்பளம் அது.

தொட்டி வருமுன்
ஒரோஸ்பெக்கின் வேன்தான் எங்களுக்குப் பொழுது.
பதினொரு மணிக்கு வந்தால் லிட்டர் இருபது.
இரண்டு மணிக்கு வந்தால்
மோந்து பார்த்து, முகம் சுளித்து, பதினான்கு.
வராத நாள்களில் திரிந்ததை வடித்து
உப்பிட்டு உருட்டிக் கூரையில் காயவைத்தோம்.
குளிர்காலம் முழுக்க எங்கள் பிள்ளைகள்
எங்கள் நஷ்டத்தைக் கடித்துத் தின்றார்கள்.

வீட்டுக்கு ஓர் ஆடு என்று முடிவானது.
சிலர் கொழுத்ததைத் தந்தார்கள்.
துர்தாகுன் ஓட்டிவந்ததற்கு
மூன்று கால்தான் ஒழுங்காக இருந்தது;
அதையும் ஆடு என்றே எழுதினேன்.
பழைய கூட்டுப்பண்ணைக் கொட்டகையில் அஷார் கூடினோம் –
ஒரு வீட்டுச் சுவருக்கு ஊரே மண் மிதிப்பதற்கு
எங்கள் பெயர் அது.
இது யார் வீட்டுச் சுவர் என்றது ஒரு குழந்தை.
எல்லோரும் மண்ணையே பார்த்தோம்.

ஜனவரியில் மின்சாரம் போனது.
பாலைக் குளிர்விக்கும் தொட்டி குளிரவில்லை.
பதறி ஓடினோம், வாளி தேடினோம்,
நகரத்து மெக்கானிக்குக்கு நாலு முறை போன் அடித்தோம்.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
கதவைத் திறந்தால் போதாதா என்று
யாரோ கேட்க அரைமணி நேரமானது.

பிறகு அந்த மார்ச் மாதத் திங்கள்.
ஏழாம் கேன்.
இருபத்து மூன்று.
துடைத்துவிட்டு மறுபடி விட்டேன்.
இருபத்து மூன்று.
மூன்றாம் முறை விட்டால்
குற்றம் பால்மானியுடையது ஆகிவிடும்.

ஏழாம் கேன் எங்கள் வீடு.
கொண்டுவந்தவள் என் ஓரகத்தி நுர்ஜமால்.
கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள்.
மாஸ்கோவில் செங்கல் சுமக்கும் அவள் கணவனிடமிருந்து
அக்டோபருக்குப் பிறகு பணம் வரவில்லை.
எனக்குத் தெரியும்.
பின்னால் நின்ற பன்னிரண்டு பேருக்கும் தெரியும்.

எழுதினேன்:
‘ஏழு. இருபத்து மூன்று. ஜிப்பார் வீடு. திருப்பப்பட்டது.’
பேனா உறைந்திருந்தது;
ஊதி ஊதி எழுத வேண்டியிருந்தது.

அன்றிரவு அந்தப் பாலில் அவளே தேநீர் போட்டாள்.
தண்ணீர் ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது என்றாள்.
நான் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன்.
சிரித்துவிட்டேன்.
அவள் அழுதாள்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில்
வீட்டையே நீக்கவேண்டும் என்றார்கள் இருவர்.
ஒருவர் ஆட்டைத் திருப்பித் தரலாமா என்றார்;
ஆடு எப்போதோ தொட்டியாகியிருந்தது.
மூன்றுகால் ஆட்டுத் துர்தாகுன் எழுந்தார்:
“தண்ணீரைப் பற்றி இவளுக்கு நன்றாகத் தெரிகிறது.
கேன் கழுவப் போடுங்கள்.”
கேலியாகத்தான் சொன்னார்.
ஆனால் கேன் கழுவ ஆள் இல்லை என்பது
மூன்று வாரப் புகார்.

மூவாயிரம் சோம்.
கொதிக்கக் கொதிக்கக் கழுவுகிறாள்.
விடியலில் கவிழ்த்துவைத்த கேன்களிலிருந்து
ஆவி எழுகிறது;
விரல்கள் பீட்ரூட் நிறம்.
ஏழாம் கேனை மட்டும் இரண்டு முறை தேய்ப்பதை
நான் பார்க்காததுபோல் பார்க்கிறேன்.

ஆக ஊரில் இரண்டரை வேலைகள்:
சோதிக்க நான், கழுவ அவள்,
இரவுக் காவலுக்கு அரை ஆள் –
மீதி அரை தூங்கிவிடும்.

நேற்று மாஸ்கோவிலிருந்து கொழுந்தன் பேசினான்.
ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கிறேன், அண்ணி, என்றான்.
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.
நம்மிடம் வேன் இல்லையே என்றேன்.
போனை வைத்த பிறகு
நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி
பழைய வேன் ஒன்றுக்கு எத்தனை ஆடு என்று
வகுத்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு இரண்டே முக்கால்.

துர்தாகுனிடம் முதலில் கேட்க வேண்டும்.